அட்மின் யார்? ஒரு தோட்டப் பட்டணமும் நான்கு பெண்பிள்ளைகளும்

மலேசியாவின் தென் பேராக்கில், தெலுக் இந்தானுக்கும் பெர்னாம் ஆற்றுக்கும் இடையில் இருக்கும் தோட்டப் பட்டணம் ஒன்றில் 2025ஆம் ஆண்டு நடந்தது இது. ஊர்ப் பெயரைச் சொன்னால் பிள்ளைகள் யாரென்று அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதனால் ஊருக்கும் பெயர் இல்லை, ஆளுக்கும் பெயர் இல்லை. அவரவர் செய்த வேலையை வைத்தே குறிப்பிடுகிறேன். கேமரா முன் நின்று பேசுகிறவள், படிவம் 5. எடிட் செய்கிறவள், அவளுடைய வகுப்புத் தோழி. மூத்தவள், படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வை முடித்துவிட்டு மளிகைக் கடையில் காசாளராக இருப்பவள். சின்னவள், படிவம் 3, வயது 15, திரையில் எழுத்துப் போடுகிறவள். நான் அந்த ஊரில் மாலை வகுப்பு எடுக்கிறேன். நால்வரும் ஏதோ ஒரு வருடத்தில் என்னிடம் படித்தவர்கள். ஆகவே நான் நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊர் மாரியம்மன் கோவிலின் முகநூல், டிக்டாக் பக்கங்களைச் சில வருடங்களாக நடத்திவந்த இந்தப் பிள்ளைகள், தோட்டத்துச் சாலையில் விளக்கு இல்லை என்று ஒரு வீடியோ போட்டார்கள். ஒரே இரவில் பேச்சு சாலையை விட்டுப் பேசியவள் மேல் திரும்பியது. அவள் பெயரில் போலிக் கணக்கு ஒன்று முளைத்தது. பெரியவர்கள் வீடியோவை அழித்தார்கள், கைப்பேசியைப் பிடுங்கினார்கள், பக்கத்தை வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் சில காரியங்கள் சரியாயின, சில ஆகவில்லை.

இம்மாதிரி விஷயம் வந்தாலே, பிள்ளைகள் எவ்வளவு நேரம் போன் பார்க்கிறார்கள் என்ற கேள்வியோடுதான் நம் கூட்டங்கள் தொடங்கும். இங்கே அந்தக் கேள்வி ஒன்றுக்கும் உதவாது. இவர்கள் ஊரின் பொது வேலையை இணையத்தில் செய்துகொண்டிருந்தவர்கள். அது யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான்.

கோவில் பக்கம்

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளி மூடி, பாடம் கைப்பேசிக்கு வந்தது. “எஸ்பிஎம் முடியட்டும், அப்புறம் போன்” என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பாக்கள் தவணையில் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். இந்த ஊரில் பெண்பிள்ளைகள் கைக்கு போன் வந்த கதை பெரும்பாலும் இதுதான். ஆண்பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. காரணம் கேட்டால் “அவன் வெளியில சுத்துறவன், கூப்பிடணும்ல” என்பார்கள்.

கோவிலும் மூடியிருந்தது. 2021 தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு ரதம் போனது, பின்னால் கூட்டம் போக அனுமதி இல்லை. ஜனங்கள் வீட்டிலிருந்தபடி திரையில் கும்பிட்டார்கள். அதைப் பார்த்துச் சின்னச் சின்னக் கோவில்களும் முகநூல் பக்கம் தொடங்கின. இந்தக் கோவிலின் பக்கத்தைச் செயலாளர் தன் எண்ணில் திறந்தார். பிறகு டிக்டாக் கணக்கும் அதே எண்ணில். அவருக்குத் திறக்கத்தான் தெரியும். மற்றதெல்லாம் மூத்தவளிடம் வந்தது, அவளிடமிருந்து மற்ற மூவருக்கும் பரவியது.

2022 நவம்பரில் டிக்டாக் நேரலை செய்வதற்கான குறைந்தபட்ச வயதை 16இலிருந்து 18ஆக உயர்த்தியது. பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த விதிதான், தவறில்லை. ஆனால் ஊர் மட்டத்தில் அதன் பலன் வேறு மாதிரி இருந்தது: நேரலை பெரியவர் கணக்கில் போகும், போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது பிள்ளை. வேலை ஒருவருடையது, கணக்கு இன்னொருவருடையது என்ற ஏற்பாடு அங்கேயே உறுதியாகிவிட்டது.

ஆடித் திருவிழாவுக்கு இவர்கள் செய்ததைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். நிகழ்ச்சி நிரல் போஸ்டர், உபயதாரர் பட்டியல் (இனிஷியல் மாறினால் சண்டை), பால்குடம் கிளம்பும் நேரத்தில் நேரலை, பவர்பேங்கை மாற்றி மாற்றித் தீமிதி முடியும்வரை நேரலை. ஜொகூர்பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துத்தான் டுயிட்நவ் என்ற பணம் அனுப்பும் சேவையின் கியூஆருக்குக் காசு அனுப்புகிறார்கள். பக்கத்துக்கு வரும் செய்திகளுக்கும் இவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். “அண்ணே, அர்ச்சனை சீட்டு எவ்வளவு?” என்று ஒருவர் கேட்பார். வகுப்பறைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சின்னவள் “வணக்கம் ஐயா, விவரம் கீழே” என்று பதில் போடுவாள். மூன்று திருவிழாவாக அந்த அண்ணன் அவள்தான்.

திருவிழா முடிந்து நன்றி அறிவிப்பு வந்தது. உபயதாரர்கள், உருமி மேளக் குழு, கூடாரம் போட்டவர், சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகம், தண்ணீர் பந்தல். கடைசியில் “நேரலை: இளைஞர் அணி”. அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்து, போஸ்டராக்கி, பக்கத்தில் ஏற்றியதும் எடிட் செய்கிறவள்தான். ஏன் உங்கள் பெயரைப் போடவில்லை என்று கேட்டேன். “கொடுத்த லிஸ்ட்ல இல்லையே டீச்சர்” என்றாள்.

படம் போட யாரும் கேட்பதில்லை

இவர்கள் இணையத்தில் தெரியவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நன்றாகவே தெரிகிறார்கள். பேசுகிறவளின் படம் அவள் எதுவும் போடுவதற்கு முன்பே ஏழெட்டுப் பக்கங்களில் இருந்தது. மாவட்டத் திருக்குறள் போட்டியில் பரிசு வாங்கியபோது பள்ளிச் சீருடையில், பெயரோடு, பள்ளியின் பெயரோடு. ஓர் அரசியல்வாதி பள்ளிப்பை கொடுத்தபோது, பையின் ஒரு பிடி அவர் கையிலும் மறு பிடி இவள் கையிலுமாக. சமயச் சொற்பொழிவில், தேவார வகுப்பில், பொங்கல் கோலத்தில். எஸ்பிஎம் முடிவு வரும் நாள்களில் வாட்சாப் குழுக்களில் சுற்றும் போஸ்டர்களை மலேசியத் தமிழர் எல்லாரும் பார்த்திருப்போம்: பிள்ளையின் முழுப் பெயர், படம், பள்ளி, எத்தனை ஏ, அப்பா என்ன வேலை, எந்தத் தோட்டம். பெருமைப்பட்டுப் பகிர்கிறோம். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கிறோமா?

அந்தப் போஸ்டர்களில் இருக்கும் தகவலைவிட அவள் போட்ட வீடியோவில் இருந்தது குறைவு. ஆனால் ஊர் கொதித்தது வீடியோவுக்கு. இந்த நிகழ்வை நான் எழுதுவதே இதற்காகத்தான். பிறர் காட்டினால் பெண்பிள்ளையின் முகம் ஊருக்குப் பெருமை. அதே முகம் வாயைத் திறந்து ஒரு விஷயத்தைக் கேட்டால் அது பாதுகாப்புப் பிரச்சினை ஆகிவிடுகிறது. ஆபத்து இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, கீழே வருகிறது. ஆனால் பெரியவர்கள் ஆபத்தை அளக்கும் அளவுகோல் எதை வைத்து மாறுகிறது என்று கவனிக்க வேண்டும்.

இணையம் வந்துதான் தோட்டத்துப் பெண்பிள்ளை வெளியே தெரிந்தாள் என்பதும் சரியில்லை. 1943இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த ஜான்சி ராணி பெண்கள் படைக்கு மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன இளம்பெண்கள் பலர். 1924இல் தொடங்கி 2019 ஜனவரியில் நின்றுபோன தமிழ் நேசன் போன்ற பத்திரிகைகளின் மாணவர் பக்கங்களில் பெண்பிள்ளைகள் கவிதை எழுதிப் பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயரையும் போட்டுக்கொண்டார்கள். அங்கே நடுவில் ஓர் ஆசிரியர் குழு இருந்தது. அது தடையும்தான், கவசமும்தான். இந்த நான்கு பேருக்கு அப்படி ஒருவர்கூட இல்லை.

விளக்கு

தோட்டச் சாலை விவகாரம் புதிதில்லை. தோட்டம் தனியார் நிலம். நகராண்மைக் கழகம் அங்கே விளக்குக் கம்பம் நடாது, பொதுப்பணி இலாகா தார் போடாது. சுதந்திரம் வாங்கி இத்தனை வருடமாகியும் தோட்டத்து ஜனங்கள் பல அரசு வசதிகளுக்கு வெளியே நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் இப்போது வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும் அதிகம். நம் குடும்பங்களில் பல ஊருக்குள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்துவிட்டன. தோட்டத்திலேயே தங்கிவிட்ட சில குடும்பங்களில் ஒன்று பேசுகிறவளுடையது. அப்பா அங்கே டிராக்டர் ஓட்டுகிறார்.

இணைப்பாட நடவடிக்கை இருக்கும் நாள்களில் பேருந்து இவர்களைத் தோட்டச் சிம்பாங்கில் (சாலை பிரியும் முனையில்) இறக்கிவிடும்போது ஏழரை மணி நெருங்கிவிடும். அங்கிருந்து உள்ளே நடை. இரண்டு பக்கமும் செம்பனை, நாய், பழம் ஏற்றி வரும் லாரி. அப்பா வேலை முடிந்து வந்தால் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொள்வார். வராத நாளில் பிள்ளைகள் போன் வெளிச்சத்தில் நடப்பார்கள்.

வீடியோ இரண்டு நிமிடம்கூட இல்லை. அவள் நடந்துகொண்டே பேசுகிறாள். எந்த அதிகாரியையும் பெயர் சொல்லித் திட்டவில்லை. “இங்கே விளக்குப் போட யாரிடம் கேட்க வேண்டும் என்று கேட்டோம். ஒருவர் அவரைக் கேளுங்கள் என்றார், அவர் இவரைக் கேளுங்கள் என்றார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்” என்று முடிக்கிறாள். பேச்சு தமிழில், கீழே மலாயில் எழுத்து. அந்த மலாய் எழுத்துதான் வீடியோவை ஊரைத் தாண்டிக் கொண்டுபோனது என்பது என் கணிப்பு. சின்னவளின் வேலை அது.

அதைக் கோவில் பக்கத்தில் போட்டார்கள். தங்கள் சொந்தக் கணக்கில் போட்டால் யார் பார்ப்பார்கள்? டிக்டாக்கில் சின்னவள் மாதிரி 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் கணக்கு தானாகவே மறைவுக் கணக்காக இருக்கும், அவர்கள் வீடியோ பொது ஓடையில் வராது. பார்வையாளர்கள் இருந்தது கோவில் பக்கத்தில். உழைத்து வளர்த்தது தாங்கள்தானே என்ற எண்ணமும் இருந்திருக்கும். எனக்கு அதில் தப்புத் தெரியவில்லை என்றாலும், நிர்வாகத்திடம் கேட்காமல் போட்டார்கள் என்பது உண்மை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்கள் என்பதும் உண்மை.

ஓர் இரவு

முதல் சில மணி நேரம் கமெண்ட் எல்லாம் சாலையைப் பற்றியே. எங்கள் தோட்டத்திலும் இப்படித்தான், வக்கீலைக் கேள், மந்திரியை டேக் பண்ணு. இரவு பத்து மணிக்கு மேல் வந்தவர்கள் வேறு ரகம். “முதல்ல பொட்ட வை, அப்புறம் ரோட்டப் பத்திப் பேசு.” “அப்பன் யாரு இவளுக்கு?” “எந்த எஸ்டேட்டு? நைட்டு நாங்க வந்து லைட் அடிக்கிறோம்.” கடைசியில் உள்ளதற்குக் கீழே சிரிப்புப் படங்கள் வரிசையாக. அவள் போட்டிருந்தது புறப்பாடக் குழுவின் டிசட்டை. முதுகில் பள்ளியின் பெயர் இருந்தது. அதைப் படித்து ஒருவன் பள்ளியை எழுதினான், இன்னொருவன் சிம்பாங்கின் பெயரை எழுதினான். விடியும்போது அவள் படத்தை வைத்து, அவள் பெயரில், “தனிச்செய்தி அனுப்பு” என்று கூப்பிடும் ஒரு கணக்கு வந்திருந்தது.

இந்தத் திருப்பம் நமக்குப் புதிதில்லை. 2020இல் சபாவில் இணையத் தேர்வுக்காக மரத்தில் ஏறி உட்கார்ந்த வெவோனா மொசிபினை நாடே பாராட்டியது. சில மாதம் கழித்து அவளுக்குத் தேர்வு இருந்ததா என்றே ஒரு துணையமைச்சர் சந்தேகம் கிளப்பினார், அப்புறம் மன்னிப்புக் கேட்டார். இணைய வசதி பற்றிய கேள்வி அதற்குள் அந்தப் பெண்ணின் நேர்மை பற்றிய கேள்வியாகிவிட்டிருந்தது. 2021இல் வகுப்பில் ஆசிரியர் அடித்த வல்லுறவு நகைச்சுவையை டிக்டாக்கில் சொன்ன 17 வயது அயின் ஹுஸ்னிசாவுக்கு வந்த மிரட்டல்களும் தெரிந்தவைதான். அவர்களுக்குச் செய்தியாளர்களும் வழக்கறிஞர்களும் துணைக்கு வந்தார்கள். தோட்டப் பட்டணத்தில் சில ஆயிரம் பேர் பார்த்த வீடியோவுக்கு யார் வருவார்?

பேசியவளின் அண்ணன் வந்தான். கோலாலம்பூரிலிருந்து காலை பேருந்தில் வந்து போனைப் பிடுங்கினான். செயலாளர் தன் எண்ணிலிருந்து உள்ளே போய் வீடியோவை அழித்தார், பாஸ்வேர்டை மாற்றினார். அன்று மாலை கோவில் மண்டபத்தில் நிர்வாகம் கூடியது. பிள்ளைகளைக் கூப்பிடவில்லை. “நல்ல பிள்ளைங்கதான், ஆனா நமக்கு எதுக்கு வம்பு?” என்று ஒருவர் சொன்னதாக அறிந்தேன்.

அப்பாவின் கோபத்தை மட்டும் நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பெண்பிள்ளை பேசினால் மானம் போகும் என்று அவர் சொல்லவில்லை. “வீடு தோட்டத்தோடது டீச்சர். நாளைக்கே காலி பண்ணச் சொன்னா எங்க போவேன்?” என்றுதான் கேட்டார். வேலை, வீடு, தண்ணீர் எல்லாம் ஒரே கையில் இருக்கும்போது மகளின் இரண்டு நிமிட வீடியோ வீட்டுக் கூரையைத் தொடுகிறது. அந்த வருடம் பிப்ரவரியில்தான் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அதை வைத்துக்கொண்டு தெலுக் இந்தானில் ஐந்து பேருக்கு வாடகை வீடு பிடித்துப் பாருங்கள். பெண்பிள்ளைகளின் இணையப் பங்கேற்பைப் பற்றிப் பேசுகிற பட்டறைகளில் தன்னம்பிக்கை, துணிச்சல் என்றெல்லாம் சொல்வார்கள். வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதும் துணிச்சலின் ஒரு பகுதி. தாமான் வீட்டுப் பிள்ளையான எடிட் செய்கிறவளின் அம்மா அவ்வளவு பயப்படவில்லை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அழித்ததில் போனது என்ன

பாதுகாப்புக்காக என்று செய்த முதல் காரியமே பாதுகாப்பைக் கெடுத்தது. வீடியோவை அழித்ததும் அதன் கீழிருந்த கமெண்ட் எல்லாம் போய்விட்டன. “நைட்டு வந்து லைட் அடிக்கிறோம்” என்று எழுதியவன் யார், எந்தக் கணக்கு, எத்தனை மணிக்கு என்பதற்கு எதுவும் மிச்சமில்லை. பள்ளியின் பெயரை எழுதியது யார் என்பதும் அப்படியே. நல்ல வேளை, சின்னவள் நடுராத்திரி தூங்காமல் முழுவதையும் ஸ்கிரீன் ரெக்கார்ட் செய்து வைத்திருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. “பயமா இருந்துச்சு, அதான் எடுத்தேன்” என்றாள். அடுத்து நடந்த எல்லாப் புகாரும் அந்த ஒரு பதிவின் மேல்தான் நின்றன.

பெற்றோர் கூட்டங்களில் எதையாவது ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன்: அழிக்கும் முன் படம் பிடியுங்கள். கணக்கின் பெயர், முகவரி இணைப்பு, தேதி, நேரம் தெரியும்படி. முதலில் வீடியோவை மற்றவர்களுக்குத் தெரியாதபடி மறைத்து வைக்கலாம், கமெண்ட்டை மூடலாம். அழிப்பது எப்போது வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை.

போலிக் கணக்கைத் தூக்குவது எதிர்பார்த்ததைவிட எளிதாக இருந்தது. ஆள்மாறாட்டம் என்ற பிரிவில் புகார் செய்து, அடையாள ஆவணத்தைக் காட்டினால் தளம் பார்க்கிறது. ஆனால் இங்கே ஒரு சிக்கல். அவளுடைய சொந்தக் கணக்கில் பிறந்த வருடம் பொய். பல பிள்ளைகள் செய்வதுதான், பெரிய வயதைப் போட்டுத் திறந்திருந்தாள். அதனால் தளத்தின் கண்ணில் அவள் பெரியவள்; பதின்ம வயதினருக்கென்று உள்ள பாதுகாப்பு எதுவும் அந்தக் கணக்குக்கு இல்லை. மைகார்ட் என்ற அடையாள அட்டையில் ஒரு வயது, கணக்கில் ஒரு வயது. விளக்கி எழுதிய பிறகுதான் போலிக் கணக்கு போனது.

போலீஸ் நிலையத்துக்கு அவளும் அம்மாவும் மூத்தவளும் நானும் போனோம். மலாயில் என்ன எழுதுவது என்று முன்னரே தாளில் எழுதி வைத்துக்கொண்டோம். முன்னால் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, ஏன் வீடியோ போட்டாய். எரிச்சலாக இருந்தது. ஆனாலும் புகாரை வாங்கிக்கொண்டார், எண்ணும் கொடுத்தார். இரண்டு வருடம் முன்பாக இருந்தால் இதுகூட நடந்திருக்குமா என்று சொல்ல முடியாது. ஏஷா என்று அறியப்பட்ட தமிழ்ச் சமூக ஊடகப் பிரபலம் ராஜேஸ்வரி, இணைய வசையைத் தாங்காமல் 2024 ஜூலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரை அவமதித்ததற்காக ஒருவருக்கு நீதிமன்றம் விதித்தது 100 ரிங்கிட் அபராதம். 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தில் அதற்கு மேல் இடமில்லை. அந்த 100 ரிங்கிட் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் உண்டாக்கிய கோபம் சாதாரணமானதல்ல. 2025 ஜூலை 11 முதல் தண்டனைச் சட்டத் தொகுப்பில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் நடப்புக்கு வந்தன. மிரட்டி, இழிவுபடுத்தித் தொல்லை கொடுப்பதும், தொல்லை கொடுக்கும் எண்ணத்தோடு ஒருவரின் அடையாள விவரங்களைப் பரப்புவதும் இப்போது நேரடியாகக் குற்றம். பள்ளிப் பெயரையும் சிம்பாங் பெயரையும் எழுதியவர்களுக்கு இது பொருந்தும் என்பது எங்கள் வாதம். இதை எழுதும்வரை யார் மீதும் குற்றஞ்சாட்டப்படவில்லை.

1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் இணையத்தில் பிறரைப் புண்படுத்தும், மிரட்டும் பதிவுகளைக் குற்றமாக்கும் 233ஆவது பிரிவும் இருக்கிறது. அதன் கீழ் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியிடம் புகார் செய்தோம். ஆனால் அண்ணன் எங்களைத் தடுக்கப் பயன்படுத்தியதும் இதே பிரிவைத்தான்: “தோட்டத்தப் பத்திப் பேசினா உன் மேலயே 233 போடுவான்.” சும்மா சொன்ன பேச்சும் இல்லை. குடிநுழைவுத் தடுப்பு முகாம் நிலைமையைப் பற்றி முகநூலில் எழுதிய ஹெய்டி குவா என்ற இளம்பெண் மீது 2021இல் அந்தப் பிரிவின் கீழ்தான் வழக்குப் போட்டார்கள். காக்கிற சட்டமும் கடிக்கிற சட்டமும் ஒன்றாக இருக்கும்போது ஒரு டிராக்டர் ஓட்டுநர் மகள் எதை நம்பி வாய் திறப்பாள்?

பள்ளியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆலோசக ஆசிரியை அக்கறையோடு பேசினார், 15999 எண்ணில் தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசிச் சேவை இருக்கிறது என்று சொன்னார். கட்டொழுங்குப் பிரிவு, பள்ளிச் சட்டையில் வீடியோ எடுத்ததற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது.

பிறகு

விளக்கு வந்தது. தோட்ட நிர்வாகம் சிம்பாங் பக்கம் இரண்டு சூரியசக்தி விளக்கு மாட்டியது. யார் கேட்டு மாட்டினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே இன்னும் இருட்டுதான். அப்பாவை யாரும் வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை, மேனேஜர் ஒரு முறை சிரித்துக்கொண்டே “மக எப்படி?” என்று கேட்டாராம். அந்தச் சிரிப்பை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

கோவில் பக்கம் ஒரு மாதத்துக்கு மேல் அசையாமல் கிடந்தது. இளைஞர் அணி நடத்தும் என்றார்கள். நவராத்திரி வந்தது, உபயதாரர் பெயர்கள் தப்பும் தவறுமாக வந்தன, நேரலையில் ஒலி இல்லை. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் “முன்ன இருந்த அண்ணன் எங்க?” என்று கேட்டு எழுதியிருந்தார். நிர்வாகத்தின் மனம் மாறியதற்கு நான் பேசிய நியாயம் எதுவும் காரணமில்லை, இதுதான் காரணம். பிள்ளைகள் செய்வது வேலை என்பது, வேலை நின்றபோது தெரிந்தது. செயலாளர் மூத்தவளின் கடைக்கே வந்து கூப்பிட்டார்.

மூத்தவள் சும்மா வரவில்லை. கடையில் ரசீது போட்டுப் பழகியவள் அல்லவா, நிபந்தனையோடு வந்தாள். முகநூல் பக்கத்தில் தன் சொந்தக் கணக்கு நிர்வாகிப் பொறுப்பில் சேர்க்கப்பட வேண்டும். நன்றி அறிவிப்பில் நான்கு பெயரும் வர வேண்டும், தகப்பன் பெயரும் தோட்டப் பெயரும் இல்லாமல். பெண்பிள்ளை படத்தைப் பக்கத்தில் போடுவதற்கு முன் அந்தப் பிள்ளையைக் கேட்க வேண்டும். தீபாவளி வாழ்த்துப் போஸ்டரில் முதன்முதலாக நான்கு பெயர்களும் வந்தன, எழுத்து கொஞ்சம் சின்னதாக.

கமெண்ட்டுக்கு இவர்களே ஒரு வேலி போட்டார்கள். முகநூலிலும் டிக்டாக்கிலும் வேண்டாத சொற்களைப் பட்டியலிட்டால் அவை வரும் கமெண்ட் தானாக மறைந்துவிடும். தளங்களின் தானியங்கி வடிகட்டிகள் ஆங்கில, மலாய் வசவுகளை ஓரளவு பிடிக்கும். ரோமன் எழுத்தில் எழுதும் தமிழ் வசவு அவற்றுக்குப் பிடிபடுவதில்லை. ஒரே கெட்ட வார்த்தையை நம் ஆள்கள் ஏழு விதமாக எழுதுவார்கள்: இரட்டை எழுத்து, ஒற்றை எழுத்து, நடுவில் எண், கடைசியில் லா. எடிட் செய்கிறவள் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் அத்தனை வடிவத்தையும் எழுதி வைத்திருக்கிறாள். அவள் அம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு மகளை அடிக்கப் போனது தனிக் கதை. பக்கத்து ஊர்க் கோவில் பக்கத்தை நடத்தும் பெண்களுக்கும் அந்தப் பட்டியல் போயிருக்கிறது. உள்ளூர் அறிவு என்றால் எனக்கு இனிமேல் இந்தப் புத்தகம்தான் ஞாபகம் வரும்.

பேசுகிறவள் திரும்பவில்லை. எஸ்பிஎம் முடியட்டும் என்கிறாள். வீட்டில் யாரும் தடுக்கவில்லை என்றும் சொல்கிறாள். குரல் மட்டும் கொடுக்கச் சம்மதித்தாள், முகம் வேண்டாம் என்றாள். இதை மீட்சி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மிரட்டியவர்கள் கேட்டதும் அவள் முகம் அங்கே இருக்கக் கூடாது என்பதைத்தான். அது அப்படியே நடந்திருக்கிறது. இன்னொரு பக்கம், முகம் காட்டாமல் இருப்பது அவளே எடுத்த முடிவென்றால் அதை மதிக்காமல், நீ தெரிய வேண்டும் என்று வெளியே தள்ளுவதும் இன்னொரு விதமான பிடுங்கல்தான். அவளுக்குப் பதிலாக மூத்தவள் இப்போது கேமரா முன் வருகிறாள். 19 வயது, சொந்தச் சம்பளம், தாமான் வீடு. 2021 டிசம்பர் முதல் 18 வயதானாலே தானாக வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ந்துவிடுகிறது. அடுத்த பொதுத்தேர்தலில் அவளுக்கு ஓட்டு உண்டு என்பது ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரியும். ஓட்டுள்ள பெண்ணின் வீடியோவுக்குக் கீழே பிரமுகர்கள் வந்து கும்பிடு போடுகிறார்கள்.

இனி சின்னவளின் பிரச்சினை. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாதபடி செய்யப்போவதாக அரசாங்கம் 2025 நவம்பரில் அறிவித்தது. இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்தது. நோக்கத்தில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அந்த இரவில் வந்த கமெண்ட்டைப் படித்தவர்கள் யாரும் பிள்ளைகளை அங்கே விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்த ஊரில் என்ன நடக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. சின்னவள் வேலையை நிறுத்த மாட்டாள். மலாய் எழுத்துப் போட வேறு ஆள் இல்லை. அவள் செயலாளர் கணக்கிலிருந்தோ அண்ணன்மார் யாருடைய கணக்கிலிருந்தோ அதே வேலையைச் செய்வாள், பெயர் மறுபடி காணாமல் போகும், ஏதாவது வந்தால் அவளுக்காகப் புகார் செய்யக்கூட அவளுக்கென்று ஒரு கணக்கு இருக்காது.

இதற்கு மூத்தவள் ஒரு யோசனை எழுதி நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறாள். சின்னவளின் வேலையைக் கணக்குக்கு வெளியே வைப்பது: எழுத்துப் போட்ட கோப்பை அவள் தரட்டும், ஏற்றுவது 18 தாண்டியவர்கள். கமெண்ட்டும் தனிச்செய்தியும் அவள் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வீடியோவின் விவரக் குறிப்பிலும் “மலாய் எழுத்து” என்று போட்டு அவள் முதல் பெயர் வரட்டும். பக்கத்தின் பொறுப்பாளர் என்று நிர்வாகக் குழுவில் ஒரு பதவி வேண்டும், கோவில் கணக்குப் பார்க்கும் பொருளாளர் மாதிரி, அதில் பெண் ஒருவர் இருக்க வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டம் பங்குனிக்கு முன் நடக்கும். செயலாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார், தலைவர் “பாப்போம்” என்றிருக்கிறார், பொருளாளருக்குப் பதவி என்ற சொல் பிடிக்கவில்லை.